அரிக்கேன் விளக்கும் பீட்டர் தங்கராஜும்

2008-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி, விடிவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கையில், மதுரைச் சிம்மக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் பன்னிரண்டு வயதுப் பேரனும் மட்டும் விழித்திருந்து, வீட்டாருடைய தூக்கம் கெடாதிருக்கும் பொருட்டுச் சப்தத்தை அறவே அடக்கிவிட்ட தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரில் உட்கார்ந்திருந்தோம். மாஸ்கோவில் மழை பெய்துகொண்டிருந்தது. மான்செஸ்டர் யுனைட்டெட் அணியும் செல்சீ அணியும் ஆளுக்கொரு கோல் போட்டு, கூடுதல் நேரமும் ஆடித் தீர்த்து, ஐரோப்பியக் கோப்பைக்கு உரியவர் யார் என்பதைப் பெனால்டி உதைகளுக்கு விட்டிருந்தார்கள். செல்சீயின் ஏழாவது உதைக்கு அனெல்கா என்பவர் வந்து நின்றபோது, கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றிருந்த எட்வின் வான் டெர் சார் என்னும் நெட்டையான டச்சுக்காரர், தம் கையை நீட்டித் தமது இடப்பக்கத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கேதான் அடிக்கப் போகிறாய், எனக்குத் தெரியும் என்று சொல்வதுபோல. உதைக்க வந்தவர் மனம் மாறி எதிர்ப்பக்கம் அடித்தார். டச்சுக்காரரும் அந்தப் பக்கமே பாய்ந்து தட்டிவிட்டார்.

"தாத்தா, அவரு ஏமாத்திட்டாரு!" என்று பேரன் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கீப்பரா இருந்தப்ப இப்படி ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டான். ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனால் அன்றைக்கு மிச்சமிருந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒல்லாந்தர் என்று சொன்னால் எங்கள் தலைமுறைக்கு நினைவு வருவது சரித்திரப் பாடத்தில் படித்த நாகப்பட்டினத்துக் கோட்டையும் தூத்துக்குடிப் பண்டகசாலையுந்தான். பந்து நினைவு வராது. பிற்காலத்தில் பேரனுடைய உபயத்தால் அந்த நாட்டுக் கோல்காப்பாளர்களின் விருத்தாந்தங்கள் சிலவற்றை நானும் தெரிந்துகொண்டேன். அவர்களுள் யான் யாங்ப்ளூட் என்பவரிடம் எனக்குத் தனிப் பிரியம். 1962-இல் தம் நாட்டுக்காகச் சில நிமிடங்களே ஆடக் கிடைத்த அவர், அடுத்த சந்தர்ப்பத்துக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார். ஆம்ஸ்டர்டாமில் புகையிலைக் கடை வைத்திருந்தார். 1974-இல் உலகக் கோப்பைக்கு அழைக்கப்பட்டபோது வயது முப்பத்து மூன்று. அந்த அணியில் பெயர் வரிசைப்படி எண் கொடுத்ததால் கோல்காப்பாளருக்குரிய 1-ஆம் எண் ஒரு முன்கள ஆட்டக்காரருக்குப் போய், இவர் 8-ஆம் எண் சட்டையோடு, கையுறைகூட இல்லாமல், மியூனிக் நகரத்து இறுதி ஆட்டத்தில் நின்று, 2-1 என்று தோற்றார். கடையில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு உலகத்தின் முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். மற்ற ஆட்டக்காரர்கள் ஆடப் போகிறார்கள். கோல்காப்பாளனை மட்டும் பிறர் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள்.

மேலூருக்குக் கிழக்கே என் தாயாருடைய ஊரில் அந்நாளில் குடிதண்ணீருக்கு ஓர் ஊரணிதான் உண்டு. படித்துறையில் காலை நனைத்து இறங்கிக் குடம் மொள்வார்கள். அந்தத் தண்ணீரையே வேட்டித் துணியில் வடிகட்டாமல் குடிப்போம். அதன் பலனாக, எனக்குப் பதினோரு வயதில், வலது கணுக்காலுக்கு மேலே கொப்புளம் கண்டு, அது உடைந்து, நரம்புச் சிலந்தி தலைநீட்டியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. தெரியாமல் இருப்பதும் பாக்கியந்தான். வெள்ளை நூல் போன்ற அந்தப் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாதபடி நாளுக்குக் கொஞ்சமாக இழுத்துச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். என் பாட்டி நாற்பது நாள் பொறுமையாகச் சுற்றினாள். புழு போயிற்று, ஆனால் அந்த வருஷம் முழுவதும் எனக்கு ஓட்டம் வரவில்லை. வைகை மணலில், கல்பாலத்துக்கு மேற்கே, துணி துவைக்கும் கற்கள் இரண்டைக் கோல் கம்பங்களாகப் பாவித்து எங்கள் தெருப் பையன்கள் பந்து ஆடுகையில், "நொண்டிய கோலி ஆக்குங்கடா" என்று ஒருவன் தீர்ப்புச் சொன்னான். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதும் அந்தத் தீர்ப்பே என்னைத் தொடர்ந்து வந்தது. கால் நேராகிவிட்டிருந்தும், கோலில் நின்றவன் கோலிலேயே நிற்க வேண்டியவன் என்பது பையன்களுடைய தர்ம சாஸ்திரம். இந்த நிலையில்தான், 1957-ஆம் வருஷத்து மத்தியில், எங்களுக்குப் புதிய டிரில் வாத்தியார் ஒருவர் வந்து சேர்ந்தார். மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கி அரைக்கால் சட்டைக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்துவார். மீசைக்கும் அப்படியே ஏதோ போடுவார் என்பது எங்கள் சந்தேகம். காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி, "வீர மதராசி!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், "அடி கொல்லு, அடி கொல்லு!" என்று நாங்கள் கூரை அதிரப் பதில் கொடுக்க வேண்டும். அது அந்த ரெஜிமெண்டின் போர்முழக்கம். பக்கத்து வகுப்பில் சம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த பண்டிதர் ஒவ்வொரு நாளும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

நீலகிரியில் குன்னூரை அடுத்த வெல்லிங்டனில்தான் அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம். அங்கே வாத்தியார் இருந்த காலத்தில், ஐதராபாத்திலே பிறந்து, செகந்திராபாத்துக் கிளப்புகளில் பந்தாடிப் பழகிய ஓர் இளைஞர் 1953-இல் பட்டாளத்தில் சேர்ந்திருந்தார். பெயர் பீட்டர் தங்கராஜ். பதினேழு வயது, ஆறடியைத் தாண்டிய ஆகிருதி. அவர் முதலில் கோல் போடுகிறவராக, செண்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடினார். பிறகுதான் கோல்காப்பாளராக்கப்பட்டார். இந்த ஒரு விஷயத்தை வாத்தியார் எனக்குச் சொன்ன தினம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஆட்டம் முடிந்து நான் கம்பத்தில் சாய்ந்து அழாத குறையாக நின்றிருந்தேன். அன்று ஐந்து கோல் விட்டிருந்தேன்.

"டேய், உன்னைய யாருடா கோல்ல நிப்பாட்டுனது?"

"பசங்க சார்."

"தங்கராஜையும் நிப்பாட்டுனதுதான். அவன் பாட்டுக்கு கோல் போட்டுக்கிட்டிருந்தான். அங்கிட்டு ஓடிக்கிட்டிருந்தவனைப் பிடிச்சு இங்கிட்டு நிப்பாட்டுனாங்க. நின்னான்ல?"

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் 'நின்னான்ல' என்று அவர் சொன்ன தொனியில் ஏதோ இருந்தது. 1955-இல் மதராஸ் ரெஜிமெண்டல் செண்டர் அணி டெல்லிக்குப் போய் டூரண்டு கோப்பையை வென்று வந்த கதையை அவர் அதன் பிறகு குறைந்தது நூறு தடவையாவது எங்களுக்குச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் தங்கராஜ் பிடித்த பந்துகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். 1888-இல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காக ஆரம்பித்த போட்டி அது. அதில் தென்கோடியிலிருந்து போன நம்முடைய சிப்பாய்கள் கோப்பையைத் தூக்கினார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை அடைக்கும். 1958-இலும் அவர்களே வென்றார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் வாத்தியார் தம் சொந்தச் செலவில் எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். அவருடைய சம்பளத்துக்கு அது தர்மகர்த்தா செய்ய வேண்டிய காரியம்.

நான் வித்தை கற்றுக்கொண்டது மைதானத்திலே அல்ல. செல்லூரில், நெசவுச் சப்தத்துக்கு நடுவே இருந்த அவருடைய வீட்டு முற்றத்திலே. ஒரு நாள் இருட்டின பிறகு வரச் சொன்னார். அரிக்கேன் விளக்கொன்றைத் தரையின் நடுவில் வைத்து, என்னைச் சுவரோரம் நிறுத்தினார். "சுவருதான் கோல். விளக்குதான் பந்து. உன் நிழல் எவ்வளவு இருக்கு பாரு" என்றார். என் நிழல் என் அளவே இருந்தது. இரண்டு பக்கமும் வெளிச்சம் வழிந்து கிடந்தது. "இப்ப விளக்கைப் பார்த்து ரெண்டு அடி வய்யி." வைத்தேன். நிழல் பெருத்தது. இன்னும் ஓர் அடி வைத்தபோது சுவரின் பெரும்பகுதி கறுத்துப்போயிற்று. இருபத்து நான்கு அடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள அந்தப் பெரிய வாசலை ஒரு சிறு பையன் எப்படி அடைப்பது என்று அதுவரை திகைத்துக்கொண்டிருந்த எனக்கு, வாசலை அடைக்க வேண்டியதில்லை, பந்தின் கண்ணை மறைத்தால் போதும் என்பது அந்தக் கணத்தில் விளங்கியது. நான் உற்சாகத்தில் விளக்கின் பக்கம் மேலும் நெருங்கிச் சென்றேன். வாத்தியார் சிரித்தபடி விளக்கைக் கையில் எடுத்து என் தலைக்கு மேலே உயர்த்தினார். நிழல் சுவரிலிருந்து வழுக்கி என் காலடியில் வந்து சுருண்டது. "ரொம்ப முன்னால வந்தா தலைக்கு மேல தூக்கிப் போட்டுட்டுப் போயிருவான். புரியுதா?" எத்தனையோ வருஷம் கழித்து ஆங்கிலப் பயிற்சிப் புத்தகமொன்றில் கோடும் கோணமும் போட்டு இதையே விளக்கியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நிற்பதிலும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். குதிகால் தரையில் பதியக் கூடாது; முழங்கால் சிறிது மடிந்திருக்க வேண்டும்; கைகள் இடுப்புக்குக் கீழே தொங்காமல், மேலே தூக்கியும் இல்லாமல், கோழி பிடிக்கப் போகிறவன் கைபோல இருக்க வேண்டும். வைகை மணலில் விழுவது சுகம். எங்கள் பள்ளி மைதானமோ சரளை. ஒரு தடவை பாய்ந்தால் முழங்கையிலும் தொடையிலும் தோல் இருக்காது. டிங்சர் போட்டால் நட்சத்திரம் தெரியும். தோலினாலான அந்தக் காலத்துப் பந்து உள்ளே பிளாடர் வைத்துக் கயிற்றால் கட்டி இறுக்கப்பட்டது. கயிற்று முடிச்சு முகத்தில் பட்டால் அடையாளம் பதியும். மழையில் நனைந்தாலோ, பூசணிக்காய் கனம் கனக்கும்.

கனத்தது. ஓர் ஐப்பசி மாதத்தில், தமுக்கம் மைதானத்தில், பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியின் கடைசி நிமிடங்களில், யாரோ முப்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து சாவதானமாக உருட்டிவிட்ட பந்து, சேற்றில் ஊர்ந்து வந்து, என் இரண்டு கைகளுக்கும் நடுவே, இரண்டு கால்களுக்கும் நடுவே, அவசரமே இல்லாமல் கோட்டைக் கடந்தது. நான் குனிந்த நிலையிலேயே திரும்பி, என் காலிடுக்கு வழியாக அது போவதைப் பார்த்தேன். அப்படியொரு தலைகீழான காட்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. தோற்றோம். திரும்பி வரும் வழியில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் என்னோடு ஒருவரும் பேசவில்லை. வாத்தியார் ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் அந்தப் பந்தை என்னிடமே கொடுத்து, சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிக் கொண்டுவரச் சொன்னார். நான் ஒரு மணி நேரம் அந்தப் பந்தைத் தடவிக்கொண்டிருந்தேன். பகை எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கராஜைப் பற்றிய மற்றச் செய்திகளை நான் சேகரித்தது ரயிலடிக்கு அருகே உள்ள விக்டோரியா எட்வர்ட் மன்றத்து வாசகசாலையில். மெல்போர்ன் ஒலிம்பிக்கில், 1956-இல், நாராயண், தங்கராஜ் என்ற இரண்டு கோல்காப்பாளர்களோடு போன இந்திய அணி நான்காம் இடம் பெற்றது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்றது. 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்று தங்கராஜுக்குப் பட்டம் கிடைத்தது. 1960-இல் ரோமாபுரியில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்று, பிரான்சோடு 1-1 என்று சமன் செய்த இந்தியாவின் கோலைக் காத்தவர் அவரே. 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகையில் அவருடைய படம் வந்தால், நூலகர் அசந்திருக்கும் சமயம் பார்த்து அதைக் கத்தரித்துக்கொள்ளும் துராசை எனக்கு உண்டாகும், தைரியந்தான் உண்டாகவில்லை. அதனால் படத்தை நெடுநேரம் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடி முன் நின்று பார்ப்பேன்.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது நான் கல்லூரியில் முதலாண்டு மாணவன். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுத்ததை இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்தார் என்பதற்காக அந்த நகரமே நம்மவர்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் சாகேப்புக்குப் புற்றுநோய். அடுத்த ஜூன் மாதத்தில் அவர் காலமானார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்ற நம் அணி, தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் ஆகியவற்றை வரிசையாக வென்று, அதே கொரியர்களை இறுதி ஆட்டத்தில் மறுபடி சந்தித்தது. காய்ச்சலில் கிடந்த தங்கராஜுக்குப் பதிலாக அரையிறுதியில் பிரத்யோத் பர்மன் கோலில் நின்றிருந்தார். செப்டம்பர் 4-ஆம் தேதி, ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள் கூச்சலிட்ட அந்த அரங்கில், தங்கராஜ் எழுந்து வந்து நின்றார். பானர்ஜி ஒரு கோல்; தலையில் தையல் போட்ட காயத்தோடு முன்களத்தில் ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் கொரியர்கள் ஒன்று போட்டார்கள். 2-1. தங்கப் பதக்கம்.

மறுநாள் அந்தச் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்லூருக்குச் சைக்கிளில் பறந்தேன். வாத்தியார் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பானர்ஜியைப் பற்றியும் ஜர்னைல் சிங்கைப் பற்றியும் எழுதியிருந்த இடங்களில் பொறுமையின்றிக் கையை ஆட்டினார். "கீப்பரைப் பத்தி என்ன போட்டிருக்கான்?" நான் தேடினேன். அதிகமாக ஒன்றும் போட்டிருக்கவில்லை. "போட மாட்டான்" என்றார், திருப்தியோடு.

டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் ஹையர் பாஸ் செய்திருந்த நான், 1967-இல், நம்மூர்ப் பிள்ளைகள் பலரையும்போல, கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலைக்குப் போய், லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் தங்கினேன். பட்டாளத்தை விட்டு வந்த தங்கராஜ் அதற்கு முன்பே முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான் இரண்டிலும் ஆடிவிட்டு, அப்போது ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தார். அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்ததும் அந்த வருஷத்துக்குத்தான். ஆடிமாதத்து மழையில், குதிரைப் போலீஸார் ஒழுங்குபடுத்திய நீண்ட வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, பலகை காலரியில் இடம் பிடித்து, முதல் முறையாக அவரைப் பார்த்தேன். கறுத்து உயர்ந்த மனிதர். பக்கவாட்டிலிருந்து உயர்ந்து வந்த பந்தை, எல்லாருடைய தலைகளுக்கும் மேலே, மாமரத்தில் கைக்கெட்டிய காயைப் பறிப்பதுபோல எடுத்தார். அவசரமே இல்லை. சுற்றியிருந்த வங்காளிகள் 'தொங்கராஜ், தொங்கராஜ்' என்று கூவினார்கள். அந்த உச்சரிப்பைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. ஆட்டம் முடிந்து அவர் வெளியே வருகையில் எனக்கும் அவருக்கும் பத்தடி தூரங்கூட இல்லை. 'ஐயா, நான் மதுரை' என்று சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் 1971 வரை அங்கே ஆடினார் என்றும், பிறகு பயிற்சியாளராகப் பல ஊர்களில் இருந்து பொகாரோவில் தங்கிவிட்டார் என்றும் அறிந்திருந்தேன். அந்த டச்சுக்காரர் மழையில் பாய்ந்த இரவுக்கு ஆறு மாதம் கழித்து, நவம்பர் 24-ஆம் தேதி, பொகாரோவில் தங்கராஜ் இறந்துபோனார். அடுத்த மாதம் எழுபத்து மூன்று நிரம்பியிருக்கும். பத்திரிகையில் மூலையில் ஒரு துண்டுச் செய்தி. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வான் டெர் சாரைவிடப் பெரிய ஆளா தாத்தா?" என்றான். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அவனுக்கு நான் காட்ட ஒரு படங்கூட என் வசம் இல்லை. அன்றைக்கே கத்தரித்திருக்கலாம்.

ஆனால் காட்டக்கூடிய ஒன்று இருந்தது; அதை ஒரு தடவை காட்டியும் இருக்கிறேன். 1968 பொங்கலுக்கு லீவில் ஊர் வந்தபோது வாத்தியார் பக்கவாதத்தில் கிடந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, மீசை நரைத்துத் தொங்கியது, பேச்சுக் குழறியது. தங்கராஜைப் பார்த்தேன் என்று சொன்னதும் மருமகளைக் கூப்பிட்டுத் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை.

"கால எப்படிடா வச்சிருந்தான்?"

அந்த அம்மாள் எனக்காகக் கொண்டுவந்த காப்பி டம்ளரை வாங்கித் தரையின் நடுவே வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரோரம் போய், குதிகாலை உயர்த்தி, முழங்காலை மடித்து, கல்கத்தாவில் கண்டது கண்டபடி நின்று காட்டினேன். வாத்தியார் டம்ளரைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, இடது கையைச் சற்றே உயர்த்தி ஆட்டினார்.

"இன்னும் ஒரு அடி முன்னால வாடா."

வந்தேன்.